கேட்கிறவரையும் சேர்த்து

“ரெண்டு பேரா உள்ள வராதீங்க,” என்றார் டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் வாசலில். “மனைவியா வர்றதுன்னா வெளியில பெஞ்சு இருக்கு, அங்க உக்காருங்க. இலக்கணமா வர்றதுன்னா கையைக் கழுவிட்டு வாங்க.”

“இலக்கணமாவே வர்றேன் டாக்டர்,” என்றாள் அவள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

அவள் பல்கலைக்கழகத்து மொழித்துறையில் வேலை பார்த்தாள். வேலை, சொற்களைப் பிரிப்பது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்த அன்றே மறந்துவிடும் பகுபத உறுப்பிலக்கணத்தை அவள் பதினோரு வருஷமாக, காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவந்தாள். ‘நடப்போம்’ என்று ஒரு சொல் வந்தால் அதை நட, ப், ப், ஓம் என்று நாலாக வெட்ட வேண்டும். இது பகுதி, இது சந்தி, இது காலம் காட்டும் இடைநிலை, இது விகுதி என்று கணினியில் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு சொல் ஓடும்.

அவள் கணவர் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். கிளட்ச் எது பிரேக் எது என்று அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் அவர் மாஸ்டர். கேட்டுக் கேட்டுப் பழகி, பெற்ற அம்மாவே சில சமயம் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மாஸ்டர் தன் மனைவிக்கு வைத்திருந்த பெயர் விகுதி. “மத்தவங்கல்லாம் நான் என்ன சொல்றேன்னு கேக்கறாங்க. இவ மட்டும் எதுல முடிக்கறேன்னு கேக்கறா,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாஸ்டரின் மண்டைக்குள், இடது பக்கம், நெற்றிக்குச் சற்றுப் பின்னால், ஒரு கட்டி வளர்ந்திருந்தது. பேச்சு குடியிருக்கிற இடத்துக்கு அது பக்கத்து வீடு என்றார் டாக்டர். ஆளை மயக்கத்தில் வைத்து மண்டையைத் திறந்துவிட்டு, பிறகு எழுப்பிப் பேசவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்தையும் கொஞ்சம் மின்சாரம் வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்ட இடம் நாலு விநாடி தூங்கும். அந்த நாலு விநாடியில் பேச்சு தடுமாறினால் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. எண் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றை மேலே வைத்துவிடுவார்கள். தடுமாறாவிட்டால் வெட்டலாம்.

“அவர் என்ன பேசணும்?” என்று அவள் முதல் நாளே கேட்டிருந்தாள்.

டாக்டர் ஒரு படக்கட்டைக் காட்டினார். குடை, சாவி, செருப்பு, சீப்பு.

“இதெல்லாம் பேருங்க டாக்டர். குடைன்னு சொல்ல மறந்துட்டா நான் சொல்லிக் கொடுத்துக்கறேன். வினைச்சொல்லை யார் சொல்லிக் கொடுக்கறது? வந்தேனா, வருவேனா, வந்தியா, வந்தானா, எல்லாமே வால்லதான் இருக்கு. அந்த வால் அறுந்துபோச்சுன்னா?”

டாக்டர் படங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னார். “போன வருஷம் ஒருத்தர் எல்லாப் படத்துக்கும் கரெக்டாப் பேர் சொன்னாரு. சந்தோஷமா வெட்டி எடுத்தேன். வீட்டுக்குப் போனப்புறம், ‘நான்… நேத்து… பஸ்ஸு…’ன்னு நிறுத்திடுவாரு. ஏறினாரா இறங்கினாரா, யாருக்கும் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். நீங்களே கார்டு எழுதிக் கொடுங்க.”

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. கட்டி இருப்பது தெரிந்ததும் மாஸ்டர் அதைத் தன் அம்மாவிடமும் அண்ணனிடமும்தான் சொன்னார். அவளுக்குத் தெரிந்தது பன்னிரண்டு நாள் கழித்து. “நீ சும்மா பயந்துக்குவியேன்னுதான். ஆபரேஷன்தான்னு நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்,” என்றார், ஏதோ வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி.

கட்டி என்ற சொல்லுக்கு முன்னால் அவள் காதில் விழுந்தது அந்த ‘நாங்க’. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். கேட்கிறவரை வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னால் நாங்கள். சேர்த்துச் சொல்வதை இலக்கணத்தில் உளப்பாட்டுப் பன்மை என்பார்கள். ஒன்பது வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவளை அவர் ஒரே சொல்லில் வாசலில் நிறுத்தியிருந்தார்.

“நாங்கன்னா யாரு?” என்று கேட்டாள்.

“அம்மாவும் அண்ணனும் நானும்.”

“அப்ப அந்த நாங்களே போய் ஆபரேஷன் பண்ணிக்குங்க.”

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு திரும்ப வாங்கவும் முடியவில்லை. அதன்பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. கார்டு எழுதுகிற வேலை வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

தொண்ணூறு கார்டு எழுதினாள். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பழகினார்கள். அவள் பாதி படிப்பாள், அவர் மீதியை முடிக்க வேண்டும். “நேத்து அவன் எழுதினான். நாளைக்கு…” “அவன் எழுதுவான்.” “நேத்து நீங்களும் நானும் நடந்தோம். நாளைக்கு…” “நாம நடப்போம்.” “நேத்து நீங்களும் அண்ணனும் நடந்தீங்க, நான் வரல. நாளைக்கு…” “நாங்க நடப்போம். நீ கார்ல வா, கால் வலிக்கும்.”

“கார்டுல இருக்கறத மட்டும் சொல்லுங்க.”

“சரிங்க டீச்சர்.”

ஆஸ்பத்திரியின் ஸ்பீச் தெரபிஸ்ட், கண்ணாடி போட்ட சின்னப் பெண், கார்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல நாமவுக்கும் நாங்கவுக்கும் தனித்தனியா எதுக்குக்கா?” என்று கேட்டாள். “எங்க வீட்டுல ரெண்டுக்கும் நாங்கதான். ‘அம்மா, நாங்க கடைக்குப் போலாமா’ன்னுதான் அம்மாவையே கூப்பிடுவோம். எப்படியும் ரெண்டுக்கும் கடைசியில ஓம்தானே வருது. ஓம் சரியா வருதான்னு பாத்தாப் போதாதா?”

அப்படிப் பேசுகிற ஊர்களும் வீடுகளும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அதில் ஒரு குற்றமும் இல்லை. “எங்க வீட்டுல அப்படி இல்லம்மா,” என்று மட்டும் சொன்னாள்.

“சரிக்கா. ஆனா ஒரு கண்டிஷன். உள்ள நீங்க படிக்கணும், சரியா தப்பான்னு நான்தான் சொல்லணும். டாக்டர் என் குரலை மட்டும்தான் கேட்பாரு. உங்களைத் தப்பா நினைக்கலக்கா. சொந்த மனுஷங்களுக்கு ஒண்ணு, எல்லாமே சரியாப் படும், இல்லேன்னா எல்லாமே தப்பாப் படும்.”

ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதால்தான் இப்போது பச்சை உடையும் முகமூடியுமாக இங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் அவள் நினைத்ததைவிடக் குளிராகவும், நினைத்ததைவிடச் சாதாரணமாகவும் இருந்தது. சுவரில் கடிகாரம் ஓடியது. யாரோ ஒருவர் செருப்பைத் தேய்த்து நடந்தார். மாஸ்டர் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்க, அவர் தலைக்கு மேல் பச்சைத் துணியைக் கூடாரம்போலக் கட்டியிருந்தார்கள். கூடாரத்துக்கு அந்தப் பக்கம் டாக்டரும் திறந்த மண்டையும். இந்தப் பக்கம் முகம் மட்டும். முகத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு முக்காலி, தெரபிஸ்டுக்கு ஒரு முக்காலி. அந்தப் பக்கம் எதுவும் தெரியாமல் இருந்ததுதான் பெரிய பயமாக இருந்தது. சத்தம் மட்டும் வந்தது: உறிஞ்சுகிற குழாயின் சத்தம், தட்டில் எதையோ வைக்கிற சத்தம்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். உதடு காய்ந்திருந்தது.

“விகுதி,” என்றார்.

“இருக்கேன்.”

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், தொந்தியும் தொப்பியுமாக இருந்தவர், குனிந்து பேச்சுக் கொடுத்தார். “மாஸ்டர், எப்படி இருக்கீங்க? என் மகன் உங்ககிட்டதான் கத்துக்கிட்டான். ரெண்டு தடவை ஃபெயில்.”

“அவனுக்கு ரிவர்ஸ் வராது,” என்றார் மாஸ்டர்.

துணிக்குப் பின்னால் டாக்டர் சிரித்தது கேட்டது. “ஆரம்பிக்கலாம். தொடறேன்.”

அவள் முதல் கார்டை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து அவன் எழுதினான். நாளைக்கு…”

“அவன் எழுதுவான்.”

“சரி,” என்றாள் தெரபிஸ்ட்.

“தொடறேன்.”

“நேத்து அது ஓடிச்சு. நாளைக்கு…”

“அது ஓடும்.”

“சரி.”

ஒவ்வொரு ‘சரி’க்கும் துணிக்குப் பின்னால் ஏதோ ஒன்று வெட்டப்படுகிறது என்பதை ஏழாவது கார்டு வரை அவள் உணரவில்லை. உணர்ந்த பிறகு ஒவ்வொரு கார்டையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

பதினாறாவது கார்டில் அது நடந்தது.

“நேத்து அவங்க வந்தாங்க. நாளைக்கு…”

“அவங்க வரு…” என்றார் மாஸ்டர். நின்றார். “வரு… வரு…”

அவர் கண் அவளைத் தேடியது. கண்ணில் எல்லாம் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும், அது தெரியும் என்பதும், கதவு திறக்கவில்லை என்பதும். வாய் மட்டும் பாதிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. பதினோரு வருஷமாக அவள் சொற்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள். வெட்டிய துண்டு ஒரு மனிதனின் வாயில் அப்படி அனாதையாக நிற்பதை இன்றுதான் பார்த்தாள்.

“தப்பு,” என்றாள் தெரபிஸ்ட்.

“சீட்டு ஒண்ணு,” என்றார் டாக்டர். மின்சாரத்தை எடுத்திருப்பார். மாஸ்டர் பெருமூச்சு விட்டு, “வருவாங்க,” என்றார். “வருவாங்க வருவாங்க. எங்க போயிடுவாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்தில் வந்து முட்டின. இலக்கணத்துக்கு இரண்டும் கூடாது. அடுத்த கார்டை எடுத்தாள்.

சீட்டு இரண்டு. சீட்டு மூன்று. கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போயிருந்தது. மாஸ்டரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்தது. தொப்பி டாக்டர் அடிக்கடி அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டார். விரல் துடித்தால் வலிப்பு வரப்போகிறது என்று அர்த்தமாம்.

நாற்பத்தொன்றாவது கார்டு.

“தொடறேன்.”

“நேத்து நீங்களும் நானும் நடந்தோம். நாளைக்கு…”

“நாங்க நடப்போம்,” என்றார் மாஸ்டர்.

தங்குதடையில்லாமல் சொன்னார். திக்கவில்லை, இழுக்கவில்லை. காலம் சரி, விகுதி சரி.

“சரி,” என்றாள் தெரபிஸ்ட்.

தட்டில் எதையோ எடுக்கிற சத்தம்.

அவள் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கார்டை வீட்டில் முப்பது தடவையாவது படித்திருப்பாள். ஒருமுறைகூட நாங்க வந்ததில்லை. அப்படியானால் அந்த இடம் தூங்கிவிட்டது. அந்த இடத்தை வெட்டினால் அவளைச் சேர்த்துக்கொள்கிற சொல் இந்த மனிதரிடமிருந்து போய்விடும். அதோடு வேறு என்னென்ன போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவேளை தூங்கவில்லையோ. மனதில் இருந்ததுதான் வாயில் வந்ததோ. அந்த நாங்களே போய்ப் பண்ணிக்குங்க என்று அவள்தானே சொன்னாள். அதுவும் இல்லையென்றால் விளையாட்டு. மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டும் பையனுக்கு ரிவர்ஸ் வராது என்று சொல்கிற ஆள்; பெண்டாட்டியைச் சீண்ட ஒரு நாங்க சொல்லமாட்டாரா? விளையாட்டை நம்பிக் கட்டியை உள்ளே விட்டுவிட்டால்?

மாஸ்டரின் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. அந்த முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

“தப்பு,” என்றாள்.

தெரபிஸ்ட் திரும்பினாள். “அக்கா, ஓம் சரியாத்தானே வந்துச்சு.”

“நாமன்னு வரணும். நாங்கன்னு வந்துச்சு. தப்பு. டாக்டர், வெட்டாதீங்க.”

துணிக்குப் பின்னால் சத்தம் நின்றது. டாக்டரின் குரல் தாழ்ந்து வந்தது. “இப்ப பேசறது யாரு? இலக்கணமா, மனைவியா?”

அவள் கையிலிருந்த கார்டைப் பார்த்தாள்.

“தெரியல டாக்டர். ஆனா தப்பு.”

“இன்னொரு தடவை,” என்றார் டாக்டர். “அதே இடம். தொடறேன்.”

“நேத்து நீங்களும் நானும் பேசினோம். நாளைக்கு…” அவளுக்குத் தன் குரல் எங்கோ அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது.

“பேசுவோம்,” என்றார் மாஸ்டர்.

பேசுவோம். அவ்வளவுதான். நாமும் இல்லை, நாங்களும் இல்லை. இந்த மொழியில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது பிழையே இல்லை. காலையிலிருந்து இரவு வரை எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஓம் என்ற விகுதி இரண்டுக்கும் பொது. அந்தச் சொல்லை எத்தனை துண்டாக வெட்டிப் பார்த்தாலும் அதற்குள் அவள் இருக்கிறாளா இல்லையா என்பது தெரியாது.

“விரல் துடிக்குது,” என்றார் தொப்பி டாக்டர் வேகமாக. “குளிர்ந்த தண்ணி ஊத்துங்க. சார், போதும். இன்னொரு தடவை அங்க தொட்டா வலிப்பு வந்துடும்.”

தண்ணீர் ஊற்றுகிற சத்தம். மாஸ்டரின் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது, பிறகு அடங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கேளுங்க,” என்றார் டாக்டர். “மொச்சைக்கொட்டை அளவுதான் மிச்சம். எடுத்தா முழுசா எடுத்த மாதிரி. விட்டா, விட்டது உள்ள இருக்கும், வளரலாம், வளராமலும் இருக்கலாம். எனக்கு நாமவும் நாங்கவும் ஒண்ணுதான், நான் வேற பாஷையில படிச்சவன். தெரபிஸ்ட் சரிங்கறாங்க. நீங்க தப்புங்கறீங்க. கடைசியா என்ன?”

விட்டதைப் பிறகு எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்க மூச்சும் இல்லை.

“விட்டுடுங்க,” என்றாள்.

“சீட்டு நாலு,” என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் அத்தை, மாஸ்டரின் அம்மா, உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பையும் கைப்பைமேல் கையுமாக. மருமகளைக் கண்டதும் எழுந்தார்.

“எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?”

“கொஞ்சம் விட்டிருக்காங்க அத்தை.”

“ஏன்?”

மறைக்கலாம். மறைத்தால் ஒரு வாரம் தாங்கும். “நான்தான் விடச் சொன்னேன்,” என்றாள், காரணத்தையும் சொன்னாள்.

அத்தைக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அதைவிட மோசமானது வந்தது. குரலை உயர்த்தாமல், கெஞ்சுவதுபோலக் கேட்டார். “ஒரு வார்த்தைக்காகவா? நாங்கன்னே சொல்லிட்டுப் போகட்டுமே. எப்படிச் சொன்னாலும் அவன் உன் புருஷன்தானே. ஆள் முழுசாக் கிடைச்சிருப்பானே.”

அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

அடுத்த மூன்று நாள் மாஸ்டர் வெறும் பெயர்களைத்தான் சொன்னார். தண்ணி. வலி. ஜன்னல். அம்மா. வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. வீக்கம்தான், வடிந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் காலையிலும் மாலையிலும் சொன்னார். அவள் நம்பவில்லை. பஸ்ஸில் ஏறினாரா இறங்கினாரா என்று யாருக்கும் தெரியாத அந்த மனிதர் அவள் தூக்கத்தில் வந்து வந்து போனார். நாலு சீட்டு வைத்தும் வால் அறுந்துவிட்டது, மொச்சைக்கொட்டையும் உள்ளே இருக்கிறது, இரண்டும் கெட்டது. அத்தை ஒரு நாற்காலியிலும் அவள் ஒரு நாற்காலியிலும், நடுவில் கட்டிலுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

நாலாம் நாள் காலை நர்ஸ் ஊசியோடு வந்தாள்.

“அந்தக் கையில வேணாம்னு நேத்தே சொன்னேனே,” என்றார் மாஸ்டர்.

நேற்று அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் சொன்னேனே. சொல், ன், ஏன். அதன் வாலில் ஒரு ஏகாரம் வேறு. அவள் எழுந்து வெளியே போய், தீயணைப்பு வாளிகள் மாட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அந்தச் சொல்லைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

ஆறாம் நாள், அத்தை கீழே போயிருந்தபோது, அவள் கேட்டாள்.

“நாற்பத்தொண்ணாம் கார்டு ஞாபகம் இருக்கா?”

“கார்டே ஞாபகம் இல்ல. குளிரா இருந்துச்சு. அந்தப் பையனுக்கு ரிவர்ஸ் வராதுன்னு சொன்னேன்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டுப் போட்ட தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேனோ?” என்றார் கடைசியில்.

“அதான் எனக்குப் பயம்.”

“கோவத்துல?”

“அதுவும்தான்.”

“இல்ல, நெஜமாவே அந்த இடம் தூங்கியிருக்கும்.”

“மூணுல எது?”

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்லலாம் என்று அவர் நினைத்தது அவளுக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. “தெரியல. என் தலைக்குள்ள நடந்ததுக்கு நானே சாட்சி இல்ல.”

“நான் தப்பா முடிவு பண்ணியிருந்தா?”

“குறுக்க ஏதோ வர்ற மாதிரி இருந்தா முதல்ல பிரேக்கை மிதின்னுதான் சொல்லித் தர்றேன். ஆளா நிழலான்னு இறங்கிப் பாத்துக்கலாம்.” சற்று நிறுத்தினார். “அன்னிக்கு உன்கிட்ட சொல்லாம இருந்தது… அது நெஜமாவே தப்பு. அதுக்கு மின்சாரம் எதுவும் வெக்கல.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கட்டைவிரல் அசையாமல் இருந்தது.

அத்தை மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். “மாஸ்டர், பெரியவன் இன்னொரு டாக்டரைப் பாத்துப் பேசியிருக்கான்டா. பெரிய கை. மிச்சத்தையும் எடுத்துடலாமாம். வியாழக்கிழமை வரச் சொல்றாரு.”

மறுபடியும் திறப்பார்கள். இந்த முறை கார்டு இருக்குமோ, குடையும் சாவியும்தான் இருக்குமோ. பேச அவளுக்கு வாய் வரவில்லை. ஒருமுறை முடிவு சொன்ன வாய் அது, இனி அதற்கு உரிமை இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

“வேணாம்மா,” என்றார் மாஸ்டர். “இப்ப எதுவும் வேணாம். மூணு மாசத்துல ஸ்கேன். அது வளந்திருந்தா பாக்கலாம். நாங்க பாத்துக்கறோம்.”

நாங்க.

அங்கேதான் சேதம், அந்த இடம்தான் என்று ஒரு நொடி அவள் மனம் ஓடியது. பிறகு புரிந்தது. பிழையே இல்லை. கேட்கிறவர் அத்தை. அத்தையை வெளியே வைத்தால் நாங்கள்தான் வரவேண்டும். அந்தச் சொல்லுக்குள் இந்த முறை அவள் இருந்தாள். எழுத்து ஒன்றுகூட மாறாமல், அவளை வாசலில் நிறுத்திய அதே சொல் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். அத்தை காகிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். “சரி, நீங்களே பாத்துக்குங்க,” என்றார். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. பன்னிரண்டு நாள் கழித்துச் செய்தி கேட்ட அன்று தன் முகமும் இப்படித்தான் சின்னதாகியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

தன் நாற்காலியை இழுத்து அத்தைக்குப் பக்கத்தில் போட்டாள்.

“அத்தை, ஸ்கேன் அன்னிக்கு நீங்க என்கூட வரணும். ரிசல்ட் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுமாம். அந்த ரெண்டு மணி நேரம் என்னால தனியா உக்கார முடியாது. பயமா இருக்கு.”

“நான் மட்டும் என்ன, பெரிய தைரியசாலியா?” என்றார் அத்தை. மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இந்த ஆறு நாளா எனக்குச் சோறே இறங்கல. உன்கிட்ட சொன்னா நீயும் பயந்துக்குவியேன்னுதான் சொல்லல.”

மாஸ்டர் கட்டிலிலிருந்து, “இந்த வீட்டுல இது எல்லாருக்கும் இருக்கற வியாதி,” என்றார்.

“நீ வாயை மூடிட்டுத் தூங்குடா,” என்ற அத்தை மருமகள் பக்கம் திரும்பினார். மடித்த காகிதத்தைப் பிரித்து முழங்காலில் வைத்துத் தேய்த்தார், பின்பக்கத்தைத் திருப்பினார், கைப்பையில் பேனாவைத் தேடினார். “எந்தத் தேதின்னு சொல்லு. குறிச்சுக்கறேன்.”

அவள் சொன்னாள்.